வெள்ளைக் கோடு மூன்று வருடம், தடுப்புக்கல் நான்கு வருடம்: என் சைக்கிள் பாதை அனுபவம்

வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். ஏழு வருடமாகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். முதல் மூன்று வருடம் எங்கள் பிரதான சாலையில் சைக்கிளுக்கென்று இருந்தது ஒரு வெள்ளைக் கோடு மட்டும். அப்புறம் அதே சாலையில் தடுப்புக்கல் பதித்துத் தனிப் பாதையாக்கினார்கள். ஆளும் சைக்கிளும் சாலையும் மாறவில்லை என்பதால் வித்தியாசத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தக் கோடு, நிறுத்தி வைத்த கார்களை ஒட்டியே போகும். கார்க் கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். அப்படியென்றால் கோட்டுக்குள் ஒழுங்காகப் போகிறவருக்குத்தான் அடி. எனக்கும் பட்டது. கதவின் விளிம்பு ஹேண்டில்பார் முனையில் தட்டியது, நான் சாலைப் பக்கமாக விழுந்தேன். பின்னால் வந்த பஸ் எப்படியோ நின்றுவிட்டது. அதன் முன்சக்கரம் என் முகத்துக்கு நேரே. டயர் வெட்டுக்குள் சிக்கியிருந்த சின்ன ஜல்லிக்கல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நெதர்லாந்தில் கார்க் கதவை அதன் பக்கத்துக் கையால் இல்லாமல், எட்ட இருக்கும் மறு கையால் திறக்கச் சொல்லித்தருவார்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். பிரிட்டனும் 2022-ல் இதைத் தன் சாலை விதிநூலில் சேர்த்தது. நல்ல பழக்கம்தான். ஆனாலும் கதவைத் திறக்கிறவரின் ஞாபகத்தை நம்பித் தினமும் ஒன்பது கிலோமீட்டர் ஓட்ட முடியாது. நடுவில் கல் வேண்டும்.

கல் பதித்த முதல் வாரம் ஒன்றைக் கவனித்தேன்: அலுவலகம் சேரும்போது தோள்பட்டை வலிக்கவில்லை. மூன்று வருடமாகத் தோளை இறுக்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன், அதுவரை எனக்கே தெரியாது. சில மாதத்தில் கூட வருகிறவர்களும் மாறினார்கள். முன்பு என்னைப் போல வேகமாக மிதிக்கும் ஆண்கள் நாலைந்து பேர். இப்போது பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், கூடையில் பையோடு மெதுவாகப் போகும் பெரியம்மாக்கள். ஸ்பெயினின் செவில் நகரம் 2006 வாக்கில் பிரித்த பாதைகளைத் துண்டு துண்டாக விடாமல் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. சைக்கிளே அரிதாக இருந்த அந்த ஊரில் சில வருடத்திலேயே சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. ‘இங்கே யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்’ என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

குறைகளும் உண்டு. சாலை பெருக்கும் வண்டி பாதைக்குள் நுழையாது. அதனால் கண்ணாடிச் சில்லும் சருகும் கல்லோரம் சேர்ந்துவிடும். கல் வந்தபிறகு எனக்குப் பஞ்சர் அதிகம். அகலமும் போதாது. முன்னால் போகிறவரைப் பயமில்லாமல் தாண்ட இரண்டு மீட்டராவது வேண்டும்.

பெரிய குறை சந்திப்புதான். பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் அந்த இடத்தில் பாதை சட்டென்று முடிந்துபோகிறது, திரும்பும் லாரிகளோடு கலக்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்துக்காரர்கள் சந்திப்பின் மூலையில் ஒரு சின்ன மேடைத் திட்டு வைத்து, சைக்கிள் கடக்கும் இடத்தை வண்டிகள் திரும்பி நுழையும் தெருவுக்குள் ஒரு கார் நீளம் தள்ளிவிடுவார்கள். திரும்புகிற ஓட்டுநருக்குச் சைக்கிள்காரர் நேரெதிரே தெரிவார். அங்கேயும் இது சும்மா வரவில்லை. 1971-ல் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்குச் சைக்கிளில் போகிறேன் என்று ஒரு வருடமாகக் கேட்டாள். சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு: பெரிய சந்திப்பு வந்ததும் இறங்கி, தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும். அப்படியே செய்கிறாள். அந்தச் சந்திப்பைச் சரிசெய்யக் கேட்டு இதுவரை மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மனுவில் அவளும் கையெழுத்துப் போடுகிறாளாம்.