12 வோல்ட் ஸ்ட்ரிப் லைட்: சில வருடம் எரிந்தபின் எது பழுதாகிறது?

ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒட்டிய எல்இடி ஸ்ட்ரிப் மூன்று நான்கு வருடத்தில் மினுக்க ஆரம்பித்தால், பலர் ஸ்ட்ரிப்பைப் பிய்த்துவிட்டுப் புதுசு ஒட்டுகிறார்கள். இரண்டே நாளில் அதுவும் மினுக்கும். பெரும்பாலும் முதலில் தளர்வது அதற்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாக மாற்றும் பெட்டி.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து அவுட்புட்டைப் பாருங்கள். ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ்கூட 12 காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். லைட் எரியும்போதே அளக்க வேண்டும். அப்போது 10க்குக் கீழே இறங்கினாலோ எண் நிலையில்லாமல் துள்ளினாலோ கோளாறு அங்கேதான். பிறகு மெயினை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து மூடியைத் திறங்கள். இன்புட் பக்கப் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உருளை) 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், கை படக்கூடாது. அவுட்புட் பக்கக் கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பி, தலையிலுள்ள கீறலில் பழுப்பாகக் கசிந்திருந்தால் அதே மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி ரகம் போடுங்கள். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடுவது நல்லது.

வாங்கும்போதே கணக்குப் போடுங்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடியும் 5 மி.மீ. சதுரம்) 14.4 வாட் இழுக்கும். 5 மீட்டருக்கு 72 வாட், அதாவது 6 ஆம்பியர். 5 ஆம்பியர் போதும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். 8.5 அல்லது 10 ஆம்பியர் போட்டால்தான் சூடில்லாமல் ஓடும்.

கடைக்கோடி மட்டும் மங்கினால் வோல்டேஜ் இறக்கம். வெள்ளை ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடி தொடராக இருக்கும், தலைக்கு 3 வோல்ட். மீதி 3 வோல்ட்தான் கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரில் விழுகிறது. வழியில் 1 வோல்ட் குறைந்தாலே கரண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஸ்ட்ரிப்பின் மறுமுனைக்கும் 1 சதுர மி.மீ. வயரில் தனியாக சப்ளை கொடுத்தால் சரியாகிவிடும்.

மூன்று எல்இடி மட்டும் அணைந்திருந்தால் ஸ்ட்ரிப்பில் குறித்திருக்கும் வெட்டுக்கோட்டில் நறுக்கி, ப்ளஸ் மைனஸ் பார்த்துப் புதுத்துண்டைச் சால்டர் செய்யுங்கள். க்ளிப் கனெக்டர் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அதன் பல் பட்ட இடம் கறுத்து, தட்டினால் எரியும், விட்டால் அணையும்.

எஸ்எம்பிஎஸ்ஸை ஜிப்சம் போர்டுக்குள் வைத்து மூட விடாதீர்கள். கை எட்டும் திறப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அதை மாற்றவே சீலிங்கை அறுக்க வேண்டிவரும்.