சிலிண்டர் வீட்டில் கேஸ் அலாரத்தை உயரத்தில் மாட்ட விடாதீர்கள்

மண்டபம், உச்சிப்புளி பக்கம் வீடு வீடாக வந்து கேஸ் அலாரம் மாட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் மாட்டினார்கள். வாங்கியவர்கள் முதலில் அடுப்படிக்குப் போய், அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. சில வருடம் முன்பு ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து வாசனையே தெரிவதில்லை. கருவாடு வறுத்தாலும் தெரியாது, பால் அடிப்பிடித்தாலும் தெரியாது. நான் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாகத்தான் இருப்பார். சிலிண்டர் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நெடிப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நெடியே மூக்குக்கு எட்டாதவருக்கு அலாரத்தை விட்டால் வேறு வழியில்லை. அதனால் அந்த ஆள் வாசலுக்கு வந்ததும் யோசிக்காமல் சரி என்றேன். மாட்டுக்கூலியோடு 2,600 ரூபாய்.

கூரைக்கு ஒரு சாண் கீழே, அடுப்புக்கு நேர் மேலே மாட்டினார். “இவ்வளவு உயரம் வேணுமாண்ணே?” என்று கேட்டேன். “கேஸ் மேலதான் சார் போகும், புகை மாதிரி” என்றார். ஸ்டூலில் ஏறி, லைட்டரைப் பற்ற வைக்காமல் அதன் கேஸை மட்டும் அலாரத்தின் வாயருகே விட்டார். வீடே அதிர அடித்தது. அம்மா முகத்தில் அன்று தெரிந்த நிம்மதி இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் வாடைக்காற்று தொடங்கியது. மழைச்சாரல் உள்ளே அடிக்கும் என்று ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினி பின்வாசல் படியில் கால் வைத்ததுமே, “அத்தே, இப்படிக் கேஸ் வாடை அடிக்குதே!” என்று கத்தியிருக்கிறார். அம்மா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மதினி எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். நான் ஓடிவந்து பார்த்தபோது மேலே அலாரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசிவரை அது ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

மறுநாள் காலை ஏஜென்சி மெக்கானிக் வந்து ரெகுலேட்டரைக் கழற்றினார். சிலிண்டர் வாயிலிருந்த ரப்பர் வாஷரை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துக் காட்டினார். ஓர் ஓரத்தில் மயிரிழை அளவுக்குப் பிளவு. பிறகு அண்ணாந்து பார்த்தார். “சிலிண்டர் கேஸ் தரையோட தரையா ஓடும் தம்பி. இது அங்க இருந்து என்ன செய்யும்?”

விஷயம் அவ்வளவுதான். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி இறங்கித் தரையில் தேங்கும். எங்கள் அடுப்படி முற்றத்தைவிட ஒரு படி தாழ்வு, வாசலில் நிலைப்படி வேறு. கிண்ணத்தில் நிற்பதுபோல நின்றிருக்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். பிரிட்ஜ் மோட்டாரும் கீழேதான் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மேலே போகிற கேஸும் உண்டு. நம் மாவட்டத்தில் பூமிக்கடியிலிருந்து எடுத்து வழுதூர் மின்நிலையத்தில் எரிக்கிறார்களே, அந்த இயற்கை எரிவாயு. அதில் பெரும்பங்கு மீத்தேன். காற்றின் கனத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். குழாய் வழியாக அது வருகிற வீட்டில் அலாரம் கூரையை ஒட்டி, ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். அந்த ஆள் கொடுத்துவிட்டுப் போன தாளைப் பிரித்துப் படித்தேன். அதில் மீத்தேனுக்கு மேலே, சிலிண்டர் கேஸுக்குக் கீழே என்று படமே போட்டிருந்தது. அவர் அதைப் படிக்கவே இல்லை.

போன் செய்தேன். “அலாரம் அடிக்கலைன்னா கேஸ் அந்த உயரத்துக்கு வரலைன்னு அர்த்தம் சார். அப்ப ஆபத்து இல்லையே” என்றார். கீழே மாற்றித் தரச் சொன்னதற்கு இன்னொரு 500 ரூபாய் கேட்டார். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. பணம் போனால் போகட்டும். அலாரமே இல்லாமலிருந்தால் நானே தினமும் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போயிருப்பேன். அலாரம் இருக்கிறதென்ற நம்பிக்கையில்தான் அதை விட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அலாரத்தில் கோளாறு இல்லை, மாட்டின இடம்தான் தப்பு. லைட்டர் கேஸை அலாரத்தின் வாயருகே விட்டு அடிக்க வைத்துக் காட்டுவது இடம் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அப்படி நெருக்கி விடுவது சென்சாருக்கும் கேடு. டெஸ்ட் பட்டன் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியனை வைத்துக் கீழே ஒரு பிளக் பாயிண்ட் போட்டு, தரையிலிருந்து ஓர் அடிக்குள், சிலிண்டருக்கு ஏழெட்டு அடி தள்ளி மாட்டினேன். நம் அடுப்படிகளில் பிளக் பாயிண்ட் எல்லாம் திண்டுக்கு மேலேதான் இருக்கும். மாட்டுகிறவர் வேலை சுலபம் என்று அங்கேயே சொருகிவிட்டுப் போவார், விடாதீர்கள். அலமாரிக்குள்ளும் வேண்டாம், கதவுக் காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம். மீன் கழுவுகிற தண்ணீர் தெறிக்கிற மூலையும் ஆகாது. வாங்கும்போது பின்பக்கம் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். சென்சாருக்குப் பொதுவாக ஐந்து வருடம்தான் ஆயுள். கசிவு என்றால் வெளியே வந்தபிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

போன மாதம் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அம்மா கவனிக்கவில்லை. கீழே இருந்த அதே அலாரம்தான் அடித்தது. அம்மாவே எழுந்து போய்த் திருகை மூடியிருக்கிறார்.

தொண்டியில் சித்தி வீட்டிலும் அந்த ஆள்தான் மாட்டியிருக்கிறாராம், கூரையை ஒட்டி. இந்த ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.