ஒன்பது வருஷ ஃப்ரீ டிஷ்: இப்போது யாரும் வருந்துவதில்லை

போன வாரம் மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்கு எல்.என்.பி. மாற்றினேன், தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்குமே அந்த மூக்கு. மெக்கானிக் பழையதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெயிலில் மூடி விரிசல் விட்டு, அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. "இத வெச்சுக்கிட்டு இத்தனை நாள் படம் வந்ததே பெரிசு சார்" என்றார். அதைப் படம் எடுத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். உடனே ஒரு கேள்வி வந்தது: "மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணி அலுத்துப்போச்சு. ஊர்ல அப்பாவுக்கு ஃப்ரீ டிஷ் போட்டுடலாமா?"

ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அதனால் இது.

ஃப்ரீ டிஷ் என்பது தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை. பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறைச் செலவு, மாதக் கட்டணம் கிடையாது. சன், விஜய் வராது. இந்திச் சேனல்கள் கொட்டிக் கிடக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் சண்டை வேறு. சிக்னல் போனதும் திரையில் ஒரு நீலப் பெட்டி மிதக்குமே, 'நோ சிக்னல்' என்று, அதோடுதான்.

நான் இதில் பார்ப்பது முக்கால்வாசி டிடி தமிழ். 2024 ஜனவரி 19 அன்று இந்தப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் பொதிகை. எங்களுக்கு என்றைக்கும் அது 'மெட்ராஸ் டிவி'. 1975 ஆகஸ்ட் 15 அன்று கறுப்பு வெள்ளையில் தொடங்கிய நிலையம், சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. எங்கள் வீடு காஞ்சிபுரம். எண்பதுகளில் இருபதடி பைப், அதன் உச்சியில் ஆன்டெனா, நடுவில் ஒரு பூஸ்டர் எல்லாம் வைத்துத்தான் மெட்ராஸை வீட்டுக்குள் இழுக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் திண்ணை வரைக்கும் ஆள்.

பாட்டு நடுவில் சில நாள் அந்த அட்டை வந்து நிற்கும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்.' என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அட்டையின் அடையாளம் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்பார், "என்னடா எழுதியிருக்கான்?" "வருந்தறாங்களாம் பாட்டி." "சரி விடு, அவங்களும் மனுஷங்கதானே" என்று வெற்றிலையை மடிப்பார். காற்றடித்து எங்கள் பைப் திரும்பிப் படம் போனாலும் அவருக்கு அதே நினைப்புதான். மெட்ராஸில் யாரோ வருந்திக்கொண்டு இருக்கிறார்கள்.

1982 ஆகஸ்ட் 15 முதல் டெல்லியின் தேசிய ஒளிபரப்பு வந்தது. கலரும் அப்போதுதான். ராத்திரி இந்தி தொடங்கியதும் எத்தனையோ தமிழ் வீடுகளில் டிவி தூங்கப் போகும். அது தடங்கல் கணக்கில் சேரவில்லை போல, அட்டை ஒன்றும் போடவில்லை. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த பிறகு ஆன்டெனா பைப்பில் அம்மா துணி காயப்போட ஆரம்பித்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு கேபிள்காரரோடு ஒரு தகராறு. கோபத்தில் போய் ஃப்ரீ டிஷ் வாங்கி வந்தேன். கோபத்தில் வாங்கிய பொருள் எதுவும் எனக்கு இத்தனை நாள் உழைத்ததில்லை.

மழைக்கு அது தாங்காது, அது தெரிந்த விஷயம். ஐப்பசியில் வானம் கறுத்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். ஆனால் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், மேகம் ஒரு பொட்டு இல்லாத நாளில், காலை பதினொரு மணிவாக்கில் சில நிமிடம் படம் போகும். மறுநாளும் ஏறக்குறைய அதே நேரத்துக்குப் போகும். முதல் வருஷம் கனெக்டரைப் பிடுங்கிச் சொருகி, மாடி ஏறி இறங்கிக் கால் வலித்ததுதான் மிச்சம். பிறகுதான் தெரிந்தது. அந்தச் சில நாட்களில் சூரியன் நம் டிஷ்ஷிலிருந்து பார்க்கச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனின் இரைச்சலில் கோளின் சன்னக் குரல் அமுங்கிவிடுகிறது. அடுத்த முறை மாடிக்குப் போனேன், ரிப்பேருக்கு இல்லை, பார்க்க. எல்.என்.பி.யின் நிழல் டிஷ் தட்டின் கீழ் விளிம்பையொட்டிப் பொட்டு வைத்த மாதிரி விழுந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்தது, கீழே நாதஸ்வரம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பெட்டி எனக்குக் காட்டியதில் சிறந்த நிகழ்ச்சி அதுதான்.

அதற்கடுத்தது அம்மா பார்க்கும் கச்சேரி. மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதை வெட்டாமல் காட்டிய ஒரு நாள், அம்மா எழுந்து வால்யூமைக் கூட்டினார். தனியாவர்த்தனம் உச்சத்தில் இருக்கும்போது நீலப் பெட்டி வந்துவிட்டது. அம்மா பேசவே இல்லை. நான்தான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்துவது? அட்டை என்றால் எழுதிய கை ஒன்று இருக்கும். இது என் மாடியையும் என் வயரையும் குற்றம் சொல்லிவிட்டு மூலைக்கு மூலை மிதக்கிறது.

நண்பருக்குப் பதில்: வேண்டாம். உங்கள் அப்பா தனியாக இருக்கிறார், மாடி ஏற முடியாது, மாலையில் சீரியல் இல்லாமல் இருக்கவும் மாட்டார். ரீசார்ஜே கட்டுங்கள். எனக்கும் இது போதும் போதும் என்று ஆகிவிட்டது, அடுத்த முறை கெட்டால் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவேன்.

மெக்கானிக்கிடம் எல்.என்.பி. இரண்டு வாங்கினேன். இன்னொன்று பீரோ மேல், குளவி புகாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருக்கிறேன்.