நான்கு விளக்குகளும் ஒரு கேப்டனும்

ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ஆறாவது சீசனில், 1992 டிசம்பரில் இரண்டு பாகமாக வந்த 'செயின் ஆஃப் கமாண்ட்' எபிசோடைத் திரும்பவும் பார்த்தேன். முன்பு பார்த்தபோது மனதில் நின்றது சித்திரவதைக் காட்சிகள்தான். இந்த முறை தூங்கவிடாமல் செய்தது கடைசி இரண்டு நிமிடம். (முழுக் கதையையும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

எண்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் பிக்கார்ட், ரகசியப் பணிக்காக எதிரிகளான கார்டாசியர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தின் பகுதிக்குள் போகிறார், அது அவரைப் பிடிக்க வைத்த பொறி, மாட்டிக்கொள்கிறார். முதல் பாகம் கொஞ்சம் இழுவை. குகைக் காட்சிகளைப் பாதியாக வெட்டியிருக்கலாம்.

இரண்டாம் பாகம் வேறு ரகம். ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நடிகர்கள். விசாரணை நடத்தும் கார்டாசிய அதிகாரி மேட்ரெட், மருந்து கொடுத்து பிக்கார்டுக்குத் தெரிந்ததையெல்லாம் ஆரம்பத்திலேயே கறந்துவிடுகிறான். அப்புறமும் விடுவதில்லை. நான்கு விளக்குகளைக் காட்டி ஐந்து என்று சொல்லச் சொல்கிறான், நான்கு என்று சொன்னால் உடம்புக்குள் வைத்த கருவி வலியால் துடிக்க வைக்கும். அவனுக்குத் தகவல் மட்டும் போதாது, ஒரு மனிதன் தன் கண்ணையே நம்பாமல் போகவேண்டும் என்பது அங்கேதான் உறைக்கிறது. அதே மேட்ரெட், கைதி துவண்டு கிடக்கும்போது அறைக்குள் வரும் தன் மகளைக் கொஞ்சுகிறான் பாருங்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேட்ரெட்டாக நடிக்கும் டேவிட் வார்னர் குரலை உயர்த்தாமலே இதையெல்லாம் செய்கிறார், சிறு வயதில் பட்ட பசியைப் பற்றி அவன் வாய்தவறிச் சொன்னதை பிக்கார்ட் பிடித்துக்கொண்டு பேசும் இடத்தில் மட்டும் அந்த முகம் மாறுகிறது. பிக்கார்டாக நடிக்கும் பேட்ரிக் ஸ்டூவர்ட் இதற்காக ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துத் தயாரானவர். அது வீண்போகவில்லை.

சரி, கப்பலுக்கு வருவோம். பிக்கார்டின் இடத்துக்கு வரும் கேப்டன் ஜெலிக்கோவை ரசிகர்கள் பலர் திட்டுவார்கள். மூன்று ஷிப்டை நான்காக்கு என்கிறார், கப்பலின் மனநல ஆலோசகர் டிராயை ஒழுங்காகச் சீருடை போடச் சொல்கிறார், கடைசியில் கப்பலின் துணைத் தலைவர் ரைக்கரையே பொறுப்பிலிருந்து நீக்குகிறார். நான் ஜெலிக்கோ பக்கம்தான். போர் வாசலில் நிற்கும்போது அந்த ஷிப்ட் கட்டளையை நிறைவேற்றாமல் தள்ளிப்போட்டது ரைக்கர் செய்த தவறு. பிடிபட்டவர் எங்கள் உத்தரவில்தான் போனார் என்று ஒப்புக்கொண்டால் பிக்கார்டுக்குப் போர்க்கைதிக்கான பாதுகாப்பு கிடைக்கும் என்று ரைக்கர் மன்றாடும் இடத்தில் மட்டும் என்னால் ஜெலிக்கோவோடு நிற்க முடியவில்லை. ஆனாலும் கார்டாசியக் கப்பல்களில் கண்ணிவெடிகளை ஒட்டி அவர்களைப் பணியவைத்தது அவர் போட்ட திட்டம்தான், பிக்கார்ட் உயிரோடு திரும்பியதும் அதனால்தான். ஒரு கேப்டனை நமக்குப் பிடிக்காவிட்டாலும் மதிக்கலாம் என்பதை எழுதியவர்கள் துணிந்து காட்டியிருக்கிறார்கள்.

விடுதலையாகும் நேரத்தில் பிக்கார்ட், விளக்கு நான்குதான் என்று கத்துகிறார். அத்தோடு முடித்திருந்தால் கைதட்டிவிட்டு மறந்திருப்போம். கப்பலுக்குத் திரும்பியதும் டிராயிடம் மெதுவாகச் சொல்கிறார்: கடைசி நேரத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லத் தயாராகிவிட்டேன், அதைவிட, ஐந்து விளக்குகள் என் கண்ணுக்குத் தெரிந்ததாகவே நம்பினேன். ஸ்டூவர்ட் அந்த வரியைச் சொல்லிவிட்டு வெறுமனே பார்க்கிறார், பின்னால் ஆறுதல் வசனம் எதுவும் வருவதில்லை.

முதல் பாகத்தில் சலித்து நிறுத்திவிடாதீர்கள், இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள்.