27.5 × 2.8 ரயர்: படுவான்கரைக் கிறவலுக்கு நல்லது, காய்ந்த மணலுக்குப் போதாது

கடைகளில் தொங்கும் மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் 1.95 அல்லது 2.1 அங்குல ரயர்தான் கிடக்கும். கடற்கரைக்கென்றே செய்த தடித்த சைக்கிள் என்றால் 4 அங்குலம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை ‘பிளஸ்’ என்று சொல்லப்படும் 2.8, 3.0 அளவுகள். சேர்லி நிறுவனம் 2012 வாக்கில் கிறம்பஸ் சைக்கிளை 29 × 3.0 ரயரோடு இறக்கியதில் தொடங்கிய போக்கு இது. 27.5 சில்லுக்கு வந்து பரவியது 2015ஐ ஒட்டி. நாங்கள் இங்கே எடுத்துக்கொண்டது 27.5 × 2.8. ரயரின் ஓரத்தில் 71-584 என்றும் பொறித்திருக்கும். வாங்கும்போது அங்குலத்தை விட்டுவிட்டு அந்த 584ஐப் பாருங்கள், ரிம்மோடு பொருந்த வேண்டியது அதுதான். 559 என்றால் 26 அங்குலச் சில்லு, 622 என்றால் 29.

முடிவை முதலே சொல்லிவிடலாம். படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தில், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, உன்னிச்சைப் பக்கத்துக் கிறவல் வீதிகளுக்கும், வாய்க்கால் கட்டுகளுக்கும், பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் பாதைக்கும் இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. கல்லடியிலும் கல்குடாவிலும் அலை நனைத்த மணலில் ஓடும், காய்ந்த மணலில் புதையும். மாரி மழையில் வயல் களிக்குள் இறக்குவதென்றால் சைக்கிளைத் தோளில் சுமக்கவும் தயாராக இருங்கள்.

இந்த ரயருக்குக் கொடுக்கிற காசு முழுவதும் காற்றின் அளவில்தான் திரும்பி வரும். 75 கிலோ ஆள், 14 கிலோ சைக்கிள், மொத்தம் 89. அதில் ஏறத்தாழ 50 கிலோ பின் சில்லில் ஏறும், அதாவது 110 இறாத்தல். பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற கணக்குத்தானே. 40 அடித்தால் 3 சதுர அங்குலத்துக்கும் குறைவான இடம் தரையில் பட்டாலே பாரம் தாங்கிவிடும். 16க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 7 சதுர அங்குலம் படும். ரயரின் உடம்பும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் உண்மையான அளவு இதைவிடச் சற்றுக் குறையும், ஆனாலும் இரண்டு மடங்குக்கு மேலான அந்த வித்தியாசம் நிற்கும். மணலில் புதையாமல் போவதும், உருளுகிற சிறு கல்லில் வழுக்காமல் ஏறுவதும் அந்த இடத்தால்தான். காற்றடிக்கிற கடையில் “தடிச்ச ரயர்தானே” என்று மோட்டார் சைக்கிள் கணக்கில் 30, 35 ஏற்றிவிட்டால் கையில் மிஞ்சுவது பாரம் கூடிய, துள்ளுகிற ஒரு சில்லு மட்டும். ‘பிளஸ் ரயர் சரியில்லை’ என்று கேட்கிற குறைகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

70 முதல் 75 கிலோ ஆளுக்கு, உள் அகலம் 35 மில்லிமீற்றர் ரிம்மில், ரியூப் இல்லாமல், முன்னுக்கு 14 பின்னுக்கு 16 என்று தொடங்குங்கள். பாரம் ஒவ்வொரு 8 கிலோ கூடும்போதும் இரண்டிலும் 1 கூட்டுங்கள். ரியூப் போட்டிருந்தால் 3 அல்லது 4 கூட்ட வேண்டும். இல்லையென்றால் மதகு விளிம்பில் ஏறும்போது ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை விழும். கார்ப்பெற் போட்ட ஏ-4 வீதியில் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வரை போவதானால் 20, 22 வையுங்கள். 14இல் ஓடினால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும், வளைவில் ஹாண்டிலும் தானாகத் திரும்பப் பார்க்கும். கடற்கரைக்கு 10, 12 வரை இறக்கலாம். அந்த அளவில் வேகமாக வளைக்கக் கூடாது, ரயரின் விளிம்பு ரிம்மை விட்டு ஒரு கணம் விலகி ‘புஸ்’ என்று காற்று போய்விடும்.

14க்கும் 18க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 160 வரை காட்டும் பம்ப் முள்ளும் அந்தக் கீழ்ப்பகுதியில் உதவாது. 0 முதல் 30 வரை காட்டும் தனி அளவுமானி ஒன்று கட்டாயம். வெயிலையும் கணக்கில் எடுங்கள். விடிய 25 பாகையில் 16 அடித்த ரயர், கச்சான் காற்றுக் காலத்து மத்தியான வெயிலில் நிறுத்தி வைத்து 50 பாகைக்குச் சூடானால் 18.5 ஆகிவிடும். நிழலில் நிறுத்துங்கள், அல்லது ஓடத் தொடங்கும் முன் ஒருதரம் அளந்து கொஞ்சம் விடுங்கள்.

இந்த ரயருக்கு ரிம்மின் உள் அகலம் 30 முதல் 40 வரை போகலாம், 35 மிகப் பொருத்தம். பழைய 21 மில்லிமீற்றர் ரிம்மில் ஏற்றினால் ரயர் மின்குமிழ் மாதிரி மேலே பருத்துக் கீழே ஒடுங்கி நிற்கும், குறைந்த காற்றில் வளையும்போது பக்கவாட்டில் மடியும். அப்போது காற்றைக் கூட்ட வேண்டி வரும், கூட்டினால் பிளஸ் ரயர் போட்டதன் பயனே போய்விடும். ரயரை மட்டும் வாங்கி ரிம்மை விட்டுவிடுவது வீண் செலவு.

அதற்கும் முன்னால் பிறேமை அளந்து பாருங்கள். 35 ரிம்மில் இந்த ரயர் ஏறத்தாழ 70 மில்லிமீற்றர் அகலம் வரும். பக்கத்துக்கு 6 என்று இடைவெளி விட்டால் பின் கவட்டின் ஒடுங்கிய இடத்தில் 82 வேண்டும். 2.1க்குச் செய்த பிறேமில் இது கிடைக்காது. பின் அச்சை 148, முன் அச்சை 110 மில்லிமீற்றராக அகட்டிய ‘பூஸ்ற்’ அளவு இதற்குக் கைகொடுக்கும். 29 அங்குல பூஸ்ற் பிறேம் வைத்திருப்பவருக்கு 27.5 பிளஸ் சில்லு பெரும்பாலும் நேரே பொருந்தும், ஆனால் பெடல் தரையை நோக்கி 5 முதல் 10 மில்லிமீற்றர் தாழும். வரம்பு ஓரங்களில் பெடல் இடிக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ரியூப் இல்லாமல் ஓடுவதை நாங்கள் வலியுறுத்துவது நெருஞ்சி முள்ளுக்காக. கடற்கரையோரம் இராவணன் மீசைப் புல்லும் இருக்கிறது, அதன் நுனியும் சும்மா விடாது. குறைந்த காற்றில் தரையோடு அகலமாகப் படுகிற ரயர் முள்ளையும் கூடவே பொறுக்கும். ரியூப் என்றால் ஒரு பின்னேரத்தில் நாலு ஒட்டுப் போட வேண்டி வரலாம். சீலன்ற் என்கிற, ஓட்டை அடைக்கும் பால் போன்ற திரவம் ஊற்றிய ரயரில் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சில்லைத் திருப்பி ஒரு நிமிடம் வைத்தால் அடைந்துவிடும்.

ரியூப் இல்லாததாக மாற்றும் வேலையில் பெரும்பாலும் பிழைப்பது, கம்பித் துளைகளை மூட ரிம்முக்கு ஒட்டும் ரேப். ரிம்மின் உட்பக்கத்தைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிடுங்கள். 35 ரிம்முக்கு 38 மில்லிமீற்றர் ரேப் எடுத்து, நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று சுற்றி, முடிவில் 10 சென்ரிமீற்றர் மேலே மேல் வரட்டும். வால்வுத் துளையைக் கத்தியால் கீறாதீர்கள். கீறல் நாளடைவில் நீண்டு காற்றுக் கசியும். சூடாக்கிய ஆணியால் குத்தினால் விளிம்பு உருகி உருண்டையாக நிற்கும். பிறகு ரியூப் ஒன்றைப் போட்டு 25 அடித்து ஒரு இரவு விடுங்கள், ரேப் நன்றாகப் படிந்துவிடும், ரயரின் விளிம்பும் இருக்கையில் உட்கார்ந்துவிடும். மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ரியூப்பை எடுத்து, ரியூப்லெஸ் வால்வைப் பூட்டி, விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, வால்வின் நடுத்தண்டைக் கழற்றிவிட்டுக் கொம்பிறசரால் ஒரே மூச்சில் அடியுங்கள். ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம் வந்தால் மற்றப் பக்கமும் உட்கார்ந்துவிட்டது. 30ஐத் தாண்ட வேண்டாம். காற்றை விட்டு, வால்வு வழியாகவே 110 மில்லிலீற்றர் சீலன்ற் ஊற்றி, தண்டைப் பூட்டி மறுபடி அடித்து, சில்லைச் சுற்றிக் குலுக்கி, ஒரு வாளியின் வாயில் பக்கத்துக்கு அரை மணித்தியாலம் படுக்க வையுங்கள்.

சீலன்ற் இங்கத்தைய வெக்கையில் சீக்கிரம் காயும். போத்தலில் எத்தனை மாதம் என்று போட்டிருந்தாலும், கச்சான் அடிக்கிற மாதங்களில் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருதரம் 50, 60 மில்லிலீற்றர் சேருங்கள். சில்லைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், களக் களக் என்று கேட்காவிட்டால் உள்ளே காய்ந்த பால்தான் மிச்சம்.

பட்டன் (ரயரின் பிடிப்புக் கட்டை) அமைப்பில் மக்சிஸ் நிறுவனத்தின் றேக்கன் ரயர் இரண்டு சில்லுக்கும் போதும். நடுவில் தாழ்ந்த, நெருக்கமான கட்டைகள் கிறவலில் இலேசாக உருளும். மினியன் டி.எச்.எஃப். போல உயர்ந்த பக்கக் கட்டை உள்ளவை மலைச் சரிவில் சாய்ந்து வளைவதற்கு. சமதரை மட்டக்களப்பில் அது சத்தமும் பாரமும் மட்டுமே. 3.0க்குப் போகவும் காரணம் காணவில்லை, மணலில் கிடைக்கிற சிறு நன்மையைவிடப் பாரம் அதிகம்.

ஓட்டத்தில் இதன் நல்ல முகம் தெரிவது தகரக் கூரை மாதிரி அலையலையாகக் கிடக்கும் கிறவலில். 2.1இல் கை விறைத்துப்போகிற இடத்தில் 16 பி.எஸ்.ஐ. ரயர் அதிர்வை விழுங்கிவிடும். ஆனால் இந்த ரயர் ‘சொக்’ அல்ல, அமுங்கியதைத் திருப்பித் தள்ளவும் செய்யும். 25 கிலோமீற்றர் வேகத்தில் பெரிய குழிகளை அடுத்தடுத்துச் சந்தித்தால் பந்து மாதிரித் துள்ளும். காற்றை 1 குறைத்துப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். உன்னிச்சைப் பக்கம் பொழுது சாய முன்னர் திரும்பிவிடுங்கள். சத்தமில்லாமல் வருகிற சைக்கிள் யானைக்கும் திடுக்கிடல்தான்.

கடற்கரையில் நம் பக்கத்து வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, அதனால் இறுகிய ஈர மணல் ஒடுங்கிய பட்டையாகத்தான் கிடைக்கும். அதை விட்டு விலகினால் முன் சில்லு கலப்பை மாதிரி உழும். இலேசான கியரில் விடாமல் மிதித்து, பாரத்தைப் பின்னுக்கு வைத்து, ஹாண்டிலைத் திருப்பாமல் உடம்பைச் சாய்த்துத் திசை மாற்றினால் பத்து, இருபது மீற்றர் காய்ந்த மணலைக் கடக்கலாம். அதற்கு மேல் வேண்டியவருக்கு 4 அங்குலச் சைக்கிள்தான் வழி.

வாவிக் கரையில் மட்டி ஓடு பக்கச் சுவரை வெட்டும். 4, 5 மில்லிமீற்றருக்கு மேல் வெட்டினால் சீலன்ற் அடைக்காது, சைக்கிளுக்கான ஒல்லியான ரப்பர்ப் பிளக் செருக வேண்டும். அதுவும் நிற்காவிட்டால் பால்மா பக்கெற்றை நாலாக மடித்து உள்ளே வைத்து, ரியூப் போட்டு, மெதுவாக வீடு வந்து சேரலாம். உப்பு நீரில் ஓடிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கம்பி முடியும் முடிச்சுகளைக் குறிப்பாக. அலுமினியம் என்றால் அங்கேதான் முதலில் வெள்ளை பூக்கும்.

2.8 ரயரும் சில்லும் ஊர்க் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற சாமான் அல்ல. உலகச் சந்தையும் 2.4, 2.6 பக்கம் சாய்ந்துவிட்டது, தெரிவுகள் குறைந்துகொண்டே வருகின்றன. வாங்குவதானால் மேலதிகமாக ஒரு ரயரும், வால்வுத் தண்டு இரண்டும், பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வைக் கடைப் பம்புக்குப் பொருத்தும் பித்தளை அடப்ரரும் சேர்த்தே எடுங்கள். பிறேம் இடம் தராதவருக்கு முன்னால் மட்டும் 2.8, பின்னால் பிறேம் விடுகிற அகலம் என்பது மோசமான ஏற்பாடு அல்ல. மணலில் முதலில் தடுமாறுவது முன் சில்லுத்தான். முன் போர்க்கில் அகலம் இருக்கிறதா என்பதை மட்டும் அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.