கப்பலுக்குத் தின்பண்டம்: வீட்டு டப்பாவா, கடைப் பாக்கெட்டா, வெறுங்கையா?

ரயிலென்றால் புளியோதரை, பஸ் என்றால் முறுக்கு என்று பழகிய குடும்பம் எங்களுடையது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த அன்றைக்கே அம்மா கேட்டார்: "எண்ணெய்ச் சட்டியை என்றைக்கு வைக்கட்டும்?" இரண்டு நாள் அடுப்படியில் நின்று தட்டையும் ரிப்பன் பக்கோடாவும் சுட்டு, அடியில் காகிதம் விரித்து, பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய அடுக்கினார்.

அந்த டப்பா கப்பல் ஏறவில்லை. ஏறுமுன் பைகளை எக்ஸ்ரேயில் விட்டார்கள். டப்பா வெளியே வந்ததும் ஒரு பெண் அலுவலர் மூடியைத் திறந்து பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் செய்தது உள்ளே போகக் கூடாது, முத்திரையோடு இருக்கும் பாக்கெட் என்றால் போகலாம் என்றார். ஓரமாக நின்று ஆளுக்கு இரண்டு தட்டை சாப்பிட்டோம். மீதியை அங்கிருந்த தொட்டியில் கொட்ட வேண்டியதாயிற்று. காலி டப்பாவை அம்மா முந்தானையால் துடைத்து, மூடி போட்டு, பைக்குள் திரும்ப வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கனத்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறை கப்பலில் போய்விட்டோம். ஒரு முறை ஒன்றும் எடுக்காமல், ஒரு முறை கடைப் பாக்கெட்டுகளோடு. மூன்று வழிகளையும் பார்த்துவிட்ட தைரியத்தில் இதை எழுதுகிறேன். புறப்படுவதற்கு முன் எங்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அம்மாவின் இரண்டு நாள் உழைப்பு தொட்டிக்குப் போயிருக்காது.

சுவையை மட்டும் பார்த்தால் வீட்டுப் பலகாரத்தோடு எதுவும் போட்டியிட முடியாது. அதில் விவாதமே இல்லை. கப்பலின் விதிதான் குறுக்கே நிற்கிறது. கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்கள் இதை எழுத்திலேயே வைத்திருக்கின்றன: வீட்டில் சமைத்த உணவு கூடாது, தொழிற்சாலையில் முத்திரையிட்ட, கெட்டுப்போகாத தின்பண்டம் கூடும். மற்ற நிறுவனங்களின் விதியும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறது. கைக்குழந்தை உணவுக்கும் மருத்துவர் சொன்ன பத்திய உணவுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துவிடுங்கள். வாசலில் நின்று விளக்கினால் எடுபடாது.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அது தணிந்தது. மூவாயிரம், நாலாயிரம் பேர் ஒரே கைப்பிடியைத் தொட்டு, ஒரே கரண்டியில் பரிமாறிக்கொண்டு நாள்கணக்கில் ஒன்றாக இருக்கும் இடம் கப்பல். வயிற்றுப்போக்கு ஒருவரிடம் தொடங்கினால் தளம் தளமாகப் பரவும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சமையலறையைச் சோதிக்க அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1970-களிலிருந்தே தனித் திட்டம் நடத்துகிறது. நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுக் கோளாறு வந்தால் கப்பலின் பெயரோடு வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், எந்த எண்ணெயில் எப்போது பொரித்தது என்று யாருக்கும் தெரியாத பலகாரத்தை உள்ளே விடத் தயங்குவது எனக்கு இப்போது புரிகிறது. எறும்புக்கும் கரப்பானுக்கும் வழிவிடக் கூடாது என்ற கவலையும் அவர்களுக்கு இருக்கும்.

கப்பலை விடுங்கள், அதற்கு முன் விமானமும் சுங்கமும் இருக்கின்றன. சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சில வீடுகளில் அதிரசத்தின் மேல் கசகசா தூவுவார்கள். குருமாப் பொடியிலும் அரைத்திருப்பார்கள். சமைத்தவருக்கே அது நினைவில் இருக்காது. பாக்கெட் என்றால் பின்பக்கத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்டிருக்கும். வீட்டு டப்பாவுக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. ஆகையால் வீட்டுப் பலகாரத்துக்கு என் தீர்ப்பு: சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சேரும் வரைக்கும், கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு தங்கும் அறையிலும் சாப்பிட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் எடுங்கள். கப்பல் வாசலுக்கு டப்பா காலியாகத்தான் வர வேண்டும்.

இரண்டாம் முறை வெறுங்கையோடு போனோம். "அங்கேதான் எல்லாம் கொட்டிக்கிடக்கிறதே" என்று சொல்பவர்கள் பாதி சரி. பஃபேயில் சோறு, ரொட்டி, பருப்பு, பழம், முட்டை, கோழி எதற்கும் குறைவில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வருவதால் இந்திய உணவுக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். இனிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கேக், குக்கீஸ், புட்டிங், ஐஸ்கிரீம் என்று திரும்பிய பக்கமெல்லாம் இனிப்பு. யாராவது மைசூர்பாகு பெட்டியைக் கப்பலுக்குள் தூக்கிக்கொண்டு போனால் அது பிரிக்காமல் வீடு திரும்பும்.

இல்லாதது ஒன்றே ஒன்று, மாலை நாலு மணிக்கான காரம். மதிய பஃபே எடுத்துவைத்துவிடுவார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். அந்த இடைவெளியில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா மேசை மேசையாகப் பார்த்து வந்தார். பட்டர் பிஸ்கட், மஃபின், ஆப்பிள். "மொறுமொறுப்பாக ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது, அதில் உப்பைத் தவிர வேறு சுவை இல்லை. மூன்றாம் நாள் அவருக்கு நாக்கு செத்துவிட்டது. சாப்பாடு ஏராளமாக இருந்தும் மனம் நிறையாமல் ஒருவர் அமர்ந்திருப்பதைப் பார்ப்பது கஷ்டம்.

ரூம் சர்வீஸ் இருக்கிறதே என்பார்கள். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் 2017 முதல், ரொட்டி, பழம், காபி என்ற எளிய கான்டினென்டல் காலை உணவைத் தவிர மற்றவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்திலும் இது வேறுபடுகிறது, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். எப்படியும் அந்தப் பட்டியலில் தட்டை வராது.

துறைமுகத்தில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை ஊருக்கு ஊர் மாறும். பினாங்கில் அது மிக நன்றாக நடக்கும். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்க் குரல்கள், மசாலா வாசனை, கடை வாசலில் சுடச்சுட வடை. அங்கே வயிறார உண்டுவிட்டு, முத்திரையிட்ட பாக்கெட்டாக மட்டும் வாங்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினால் தடையில்லை. புக்கெட்டில் கதை வேறு. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கிவிடுவார்கள். வரிசை, படகு, வெயில், திரும்பவும் வரிசை என்று பொழுது கரைந்துவிடும். பஃபேயிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கக் கூடாது; பல நாடுகளில் அபராதம்கூட உண்டு. பிரிக்காத ஒரு பாக்கெட் பையில் இருந்திருந்தால் என் பையன் அந்த வரிசையில் அழுதிருக்க மாட்டான்.

மூன்றாம் முறை கடைப் பாக்கெட். எங்கள் குடும்பத்துக்கு இதுதான் வென்றது. அதிலும் எல்லாப் பாக்கெட்டும் தேறவில்லை. முதலில் அளவு. மணப்பாறை முறுக்கை அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்கியது நான் செய்த பிழை. முதல் நாள் மாலை பிரித்தோம். பால்கனி கதவைத் திறந்து திறந்து மூடியதில் கடல் காற்று உள்ளே வந்து, மறுநாள் மாலைக்குள் முறுக்கு நமத்துப்போனது. கடித்தால் சத்தமே இல்லை, பல்லில் ஒட்டியது. அதே நேரம், ஐம்பது கிராம், நூறு கிராம் பாக்கெட்டில் வாங்கிய காராச்சேவும் தட்டையும் கடைசி நாள்வரை மொறுமொறுவென்று இருந்தன. ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

கோவில்பட்டி கடலைமிட்டாய் கரைக்கு இறங்கும் நாட்களுக்கு நல்ல துணை. ஒன்றைத் தின்றாலே பசி அடங்கும், உருகாது, நொறுங்காது. பெட்டியாக வாங்காமல் தனித்தனியாக உறையிட்டதைப் பாருங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இதை விட்டுவிடுங்கள். பால்கோவாவைத் தொடவே வேண்டாம்; கப்பல் அறைகளில் இருக்கும் சிறு குளிர்பெட்டி பல இடங்களில் தண்ணீரைக் குளிர வைக்குமே தவிர, பால் பண்டத்தைக் காப்பாற்றாது.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, நாங்கள் தின்பண்டமாகவே நினைக்காத ஒன்று: முத்திரையிட்ட பருப்புப் பொடியும், கிழித்து ஒரு முறை பயன்படுத்தும் சிறு ஊறுகாய்ப் பாக்கெட்டும். பஃபேயில் வெள்ளைச் சோறு எப்போதும் இருக்கிறது. காலை உணவுப் பகுதியில் சர்க்கரை சேர்க்காத தயிர் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். அப்பா ஒரு கிண்ணம் சோற்றில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரண்டியால் மசித்தார். மேலே தயிர், ஒரு சிட்டிகை உப்பு, ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். அலை கொஞ்சம் ஆட்டி வயிற்றைப் புரட்டிய அன்று வேறு எதையும் பார்க்கவே பிடிக்காமல் இருந்த மனிதர், அந்தக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். முந்நூறு கிராம்கூட எடை இல்லாத பொட்டலங்கள் செய்த வேலை அது. ஊறுகாயை விமானத்தில் கைப்பையில் வைக்காமல், செக்-இன் பெட்டியில் இரட்டை உறையில் போடுங்கள். கொப்பரைத் தேங்காய் அந்தப் பெட்டியில் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடுத்துப் போகும் நினைப்பே வேண்டாதது மின்சாரக் கெட்டிலும் குட்டி ரைஸ் குக்கரும். சூடேறும் கம்பி உள்ள எதையும் தீ விபத்துக்கு அஞ்சி வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆசியப் பயணங்களுக்கு ஓடும் சில கப்பல்களில் அறையிலேயே கெட்டில் இருக்கும். இல்லாவிட்டால் பஃபே பகுதியில் தேநீருக்கு வெந்நீர் கிடைக்கும், குடுவையில் பிடித்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் எதை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. முதல் நாள் பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேர மாலையாகும், சில நாள் இரவும் ஆகும். சிறு பிள்ளைகளுக்கான பிஸ்கட்டும், சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் தர வேண்டிய குளுக்கோஸும், மாத்திரைகளும் தோளில் மாட்டும் பையில்தான் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஒரு முறைகூட அசட்டையாக இருந்ததில்லை.

இன்னொன்று, கை. அறையில் அமர்ந்து பாக்கெட்டைப் பிரிக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பல்களில் அதிகம் பேசப்படும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸை ஆல்கஹால் கலந்த சானிடைசர் சரியாக அழிப்பதில்லை. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், நமக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த நாட்டுச் சமையலையும் ஆசையோடு சாப்பிடும் இளைஞர்கள் இருவர் போகிறார்களா, வெறுங்கையோடு போகட்டும், ஒரு குறையும் வராது. 2022 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் விட்ட கார்டீலியா போன்ற இந்திய நிறுவனத்தில் போகிறவர்களுக்கும் சைவம், ஜைன உணவு எல்லாம் உள்ளேயே கிடைக்கும். வயதான பெற்றோர், சிறு பிள்ளைகள், முட்டைகூடத் தொடாத சைவர்கள் உடன் வந்தால்தான் பாக்கெட்டுகளுக்கு வேலை. நான்கு இரவுக்கு ஒருவருக்கு அரைக் கிலோ போதும்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவை காலையில் கரையில்தான் கையில் கிடைக்கும். இறங்கும் நேரத்தில் காலைச் சாப்பாடு அவசர அவசரமாக நடக்கும், விமானம் மதியத்துக்கு மேல் இருக்கும். மூன்றாம் பயணத்தில் நான்கு கடலைமிட்டாயையும் ஒரு தட்டைப் பாக்கெட்டையும் அம்மா தன் கைப்பையில் எடுத்து வைத்திருந்தார். சாங்கி விமான நிலையத்தில் நாற்காலி பிடித்து அமர்ந்ததும், பாக்கெட்டைக் கிழித்து ஒரு தட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "மிளகாய் கொஞ்சம் தூக்கல். உளுந்து போதவில்லை," என்றார். பிறகு பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார்.