ஆக்சிஸ் 1.4: காவல் போட்டு வைப்பதா, மாற்றுவதா?

மண்ணடி தம்பு செட்டி தெருவின் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள், திருவொற்றியூர், மணலிப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகள் என்று துறைமுகத்தை நம்பி இயங்கும் நிறுவனங்கள் வடசென்னையில் ஏராளம். கன்டெய்னர் எங்கே இருக்கிறது, கேட் பாஸ் ஆகிவிட்டதா என்று ஒரு நிறுவனத்தின் கணினி இன்னொன்றிடம் கேட்க, எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் பழைய சோப் சேவையையே நம்பியிருக்கும் இடங்கள் உண்டு. அந்தச் சேவை, சோப் சேவைகளை இயக்கும் ஜாவா மென்பொருளான ஆக்சிஸ் 1.4-இல் ஓடுகிறது என்றால், உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: முன்னால் ஒரு வாஃப் (வரும் வலைக் கோரிக்கைகளை வடிகட்டும் காவல் அரண்) வைத்து அப்படியே விடுவது, அதன் அடுத்த தலைமுறையான ஆக்சிஸ்2-க்குப் போவது, இன்னொரு சோப் மென்பொருளான சிஎக்ஸ்எஃப்-க்குப் போவது.

முதல் வழிதான் முதலாளிகளுக்குப் பிடிக்கும். செலவு குறைவு, கோடிங் வேலையும் இல்லை. ஆனால் ஆக்சிஸ் 1.4 வெளிவந்தது 2006-இல். அதற்குப் பிறகு வெளியீடே கிடையாது. அதோடு வரும் மாதிரிச் சேவை ஒன்று, பங்கு விலை கேட்க வெளியில் உள்ள ஒரு டொமைனுக்குப் போகும். அந்த டொமைன் காலாவதியாகிக் கிடந்தது. 2019-இல் ஓர் ஆய்வாளர் அதை வாங்கி, அங்கே வரும் கோரிக்கையை அதே சர்வரின் நிர்வாகச் சேவைக்கே திருப்பிவிட்டு, உள்ளே நுழைய முடியும் என்று காட்டினார். சிவிஇ-2019-0227 என்பது இதுதான் (சிவிஇ என்பது கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). 2023-இல் இன்னொரு ஓட்டை, சிவிஇ-2023-40743 வந்தபோது, இதைச் சரிசெய்து புதிய 1.x வெளியீடு தரும் எண்ணம் இல்லை, வேறு சோப் என்ஜினுக்கு மாறுங்கள் என்று ஆக்சிஸ் திட்டமே அறிவித்துவிட்டது.

வாஃப் இதையெல்லாம் தடுக்காதா? உள்ளே வரும் கோரிக்கைகளில் சிலவற்றைத் தடுக்கும். சிவிஇ-2012-5784-ஐ என்ன செய்வீர்கள்? ஆக்சிஸ் வெளியே இன்னொரு சர்வரோடு பேசும்போது, சான்றிதழில் உள்ள பெயரும் அந்த சர்வரின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதில்லை. நடுவில் ஒருவன் உட்கார்ந்து உங்கள் சரக்கு விவரத்தைப் படிக்கலாம். வாசலில் நிற்கும் வாஃப் கண்ணில் இது படவே படாது.

ஆக்சிஸ்2 என்ற பெயரைப் பார்த்து எளிதான அப்கிரேடு என்று நினைக்க வேண்டாம். உள்ளே முழுக்க வேறு. சேவைகளின் அமைப்பைச் சொல்லும் பழைய டபிள்யூஎஸ்டிடி கோப்புகள் இதில் செல்லாது. நிர்வாகக் கணக்கின் இயல்பான கடவுச்சொல்லே ‘ஆக்சிஸ்2’ என்பதுதான். அது சிவிஇ-2010-0219 ஆகப் பதிவானது. மாற்றாமல் விட்டால் கதவு திறந்தே இருக்கிறது. வெளியீடுகளும் மெதுவாக வருகின்றன: 1.8.2 வந்தது 2022-இல், அடுத்த 2.0.0 வந்தது 2025-இல்.

அப்புறம் சிஎக்ஸ்எஃப். சிவிஇ பட்டியலை எடுத்தால் இதன் பெயர் அடிக்கடி வரும். அதைக் காட்டி “இதுவும் ஓட்டைதானே” என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2024-இல் அதன் ஏஜிஸ் டேட்டாபைண்டிங்கில் (எக்ஸ்எம்எல்லையும் ஜாவா தரவையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் பகுதி) சிவிஇ-2024-28752 வெளியானபோது 3.5.8, 3.6.3, 4.0.4 என்று மூன்று பதிப்புக் கிளைகளிலும் திருத்தம் கிடைத்தது. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இருக்கிறார்களா என்பதுதான் என் அளவுகோல். அதில் சிஎக்ஸ்எஃப் முந்துகிறது; நான் அதைத்தான் சொல்வேன். ஜாவா 11-இல் இருப்பவர்கள் 3.6 கிளையை எடுக்கலாம். 4.0-க்கு ஜாவா 17 வேண்டும். கோடில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்களையும் ஜகார்த்தா என்ற புதிய பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பெரிய தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. பழைய ஆக்சிஸ் சேவைகள் பல, சோப் செய்தியை அமைக்கும் பழைய முறையான ஆர்பிசி என்கோடட் பாணியில் எழுதப்பட்டவை. அதை ஆக்சிஸ்2-வும் ஏற்காது, சிஎக்ஸ்எஃப்-உம் ஏற்காது. ஆகவே சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைப் புதிதாக எழுத வேண்டும். உங்களோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு புரோக்கர் அலுவலகமும் தங்கள் பக்கத்தை மாற்ற வேண்டும். ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. புதிய சேவையைத் தனி முகவரியில் தொடங்குங்கள். பழையதை இன்னும் மாறாத அலுவலகங்களின் ஐபிக்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். வாஃப் போடுவதென்றால் இந்த இடைக்காலத்துக்குப் போடுங்கள். பழைய சேவையை நிறுத்தும் தேதியை அவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மாதிரிச் சேவைகளை அழிக்க மட்டும் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், இன்றே அழித்துவிடலாம்.